சாவி யார் கையில்?

தோழரே!

திண்டுக்கல் என்றதும் ஊர் அறியாதவர்க்கும் நினைவில் எழுபவை இரண்டு. ஒன்று, ஊரின் தலைமாட்டில் ஓங்கி நிற்கும் மலைக்கோட்டை; மற்றொன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் பூட்டு. கோட்டை மன்னர்க்கு, பூட்டு மக்களுக்கு! கோட்டை கட்டப் படை வேண்டும், பொருள் வேண்டும், பல்லாயிரவர் முதுகு வளைய வேண்டும். பூட்டுச் செய்யவோ ஒரு பட்டறையும், ஓர் அரமும், தேர்ந்த இரு கைகளும் போதும். கோட்டையை ஆண்டவர் போயினர், கொடி மாறிற்று, பீரங்கி மேடையில் இன்று ஆடு மேயலாம். பூட்டு இன்றும் இருக்கிறது. அலிகார்ப் பூட்டின் போட்டியால் பட்டறைகள் பல அவிந்துபோன பிறகும், 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்று, நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஏழையின் குடிசைக்கும் பூட்டு உண்டு. உள்ளே இருப்பது என்ன? நெளிந்த அலுமினியப் பாத்திரம், மகள் திருமணத்திற்கென்று சேர்த்த காசு, மணம் முடித்துப் போன தங்கை எழுதிய பழைய கடிதம். திருடன் தேடிவரும் செல்வம் அங்கே இல்லை. ஆயினும் பூட்டுகிறான். ஏன்? என் வீட்டுக்குள் என் ஒப்புதலின்றி எவனும் நுழையலாகாது என்ற மானம், தோழரே, மானம்! அந்தப் பூட்டுக்கு இரண்டாம் சாவி ஒன்றைத் தனக்கென்று அரசு செய்து வைத்துக்கொண்டால்? அதைச் செய்துகொள்ளக் கை தூக்கியவர், நீங்கள் வெயிலில் வியர்த்து, சுவரெழுதி, வாக்குக் கேட்டு அனுப்பிய உங்கள் உறுப்பினராகவே இருந்தால்?

அதுவே இன்று நான் உங்கள்முன் வைக்கும் கேள்வி. மக்களை வேவு பார்க்கும் அதிகாரத்தை அரசுக்குத் தரும் மசோதா ஒன்று அவைக்கு வருகிறது. கட்சி "ஆதரி" என்கிறது; கொள்கை "எதிர்" என்கிறது. உறுப்பினர் எதற்குக் கட்டுப்படுவது? கட்சிக்கா? கொள்கைக்கா?

விடை எளிது என்று எண்ணிவிடாதீர்கள். "கொள்கைக்குத்தான்!" என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கைதட்டல் வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

முதலில் கட்சியின் பக்கத்து நியாயத்தைக் கேளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரிஸ்டல் நகரத்து வாக்காளரிடம் எட்மண்ட் பர்க் என்ற பேரறிஞன் கூறினான்: உங்கள் பிரதிநிதி உங்களுக்குத் தரவேண்டியது உழைப்பை மட்டுமல்ல, தன் சொந்தத் தீர்ப்பையும்தான் என்று. 1774இல் சொன்னான், 1780இல் அந்தத் தொகுதியே அவனைக் கைவிட்டது. பர்க் பெரியவன். ஆனால் அவன் காலத்து உறுப்பினன் தன் பெயருக்கும் செல்வாக்குக்கும் வாக்குப் பெற்றவன். நம் உறுப்பினர் அப்படியா? வேடசந்தூர்ச் சிற்றூரிலும் ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலும் அவருடைய முகத்தை அறியாதவர்கூடச் சின்னத்தை அறிந்து முத்திரை குத்தினர். பின்னாளில் பொத்தானை அழுத்தினர். அவர் பெற்ற வாக்கு கொடிக்கு விழுந்த வாக்கு. அதைத் தனிச் சொத்தாக்கி விற்க அவருக்கு உரிமை ஏது?

விற்றார்களே! 1967ஆம் ஆண்டில் அரியானாவில் கயா லால் என்பவர் இரண்டு வாரத்திற்குள் மூன்று முறை கட்சி மாறினார். "ஆயா ராம், கயா ராம்" என்று நாடே நகைத்தது. வாக்களித்த ஏழை நகைக்கவில்லை, அவன் ஏமாந்தான். உறுப்பினர் தனித்து நின்றால் பணமூட்டை அவரை விலைபேசும். அணிவகுத்து நின்றால் அஞ்சும். பணம் இல்லாதவனின் படை கட்சி. கட்டுப்பாடு அந்தப் படையின் கவசம். 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தம் வந்து, பத்தாவது அட்டவணை சேர்ந்து, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிப்பவர் பதவி இழப்பார் என்று விதித்ததற்கு இதுவே காரணம். காரணம் தூயது. அதில் குறை காணேன்.

ஆனால், தோழரே, நோய்க்குத் தந்த மருந்து, நோயில்லாத உறுப்பையும் மரத்துப்போகச் செய்வதுண்டு. காசுக்காக மாறுகிறவனைக் கட்டப் போட்ட கயிறு, கருத்துக்காக மறுக்கிறவனின் கழுத்திலும் விழுந்தது. அதன் விளைவைக் காண நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மறு ஆண்டே, 1986இல், அஞ்சலகத் திருத்த மசோதா வந்தது. அஞ்சலில் செல்லும் கடிதங்களைத் தடுக்கவும் பிரிக்கவும் அரசுக்கு விரிந்த அதிகாரம் தரும் மசோதா. மக்களவையில் ஆளுங்கட்சிக்கு 400க்கும் மேற்பட்ட உறுப்பினர். சுதந்திர இந்தியா அதற்கு முன்னும் பின்னும் காணாத பெரும்பான்மை. அவர்கள் வீட்டுக்கும் கடிதம் வரும். அவர்கள் மகனும் வெளியூர்க் கல்லூரியிலிருந்து எழுதுவான். ஆயினும் மசோதா இரண்டு அவைகளையும் கடந்தது.

தடுத்தது யார்? ஜெயில் சிங்! அதே கட்சியில் வளர்ந்து, அதே கட்சியால் குடியரசுத் தலைவரான மனிதர். கையெழுத்திடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை, மேசைமேல் வைத்துக்கொண்டார். பிரதமருக்கும் அவருக்கும் மனக்கசப்பு இருந்தது என்பார்கள், இருந்தது, மறுக்கவில்லை. கசப்பால் செய்தாரோ கருணையால் செய்தாரோ, கடிதம் பிழைத்தது! அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் நம் தஞ்சை மண்ணின் இராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன். அவரும் கட்சிக்காரரே. அவரும் ஒப்பம் இடாமல், மறுபரிசீலனைக்கென்று திருப்பி அனுப்பினார். மசோதா சட்டமாகாமலே கிடந்து, 2002இல் திரும்பப் பெறப்பட்டது.

நானூறு பேர் காக்கத் தவறியதை இரண்டு முதியவர்கள் காத்தார்கள். கேட்க இனிக்கிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்: மக்கள் தேர்ந்தெடுத்த அவை செய்ய வேண்டிய வேலையை, மக்கள் நேரே தேர்ந்தெடுக்காத ஒருவரின் மேசை இழுப்பறை செய்ய நேர்ந்தது ஏன்? அவைக்குள் மனச்சான்றுக்கு இருக்கை இல்லாமற் போனதால்! இழுப்பறையை நம்பி ஒரு நாட்டின் உரிமை வாழமுடியாது. வாழவில்லை. 2023 டிசம்பரில் புதிய அஞ்சலகச் சட்டம் நாடாளுமன்றத்தைக் கடந்தது. அஞ்சலில் செல்லும் பொருளை இடைமறிக்கவும் திறக்கவும் அதிகாரம் தரும் பிரிவு அதில் உண்டு. அதே மாதத்தில் தொலைத்தொடர்புச் சட்டமும் நிறைவேறியது. அந்தக் கூட்டத்தொடரில்தான் எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டு வெளியே நின்றனர். கேள்வி கேட்பவர் வாயிற்படியில், சட்டம் உள்ளே!

"பிறரைச் சொல்கிறாயே, நம்மவர் கதை என்ன?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கேளாதவன் கழகத்தான் அல்லன்.

2002ஆம் ஆண்டு. பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்ட மசோதா. அதன் ஐந்தாம் அத்தியாயம் முழுவதும் பிறர் பேச்சையும் செய்தியையும் இடைமறித்துக் கேட்பது பற்றியது. மார்ச் 21 அன்று மாநிலங்களவை அதைத் தோற்கடித்தது. ஆதரவு 98, எதிர்ப்பு 113. அன்றைய ஆட்சி விடவில்லை. மார்ச் 26 அன்று இரு அவைகளின் கூட்டுக்கூட்டம் கூடியது; குடியரசின் வரலாற்றிலேயே மூன்றாவது கூட்டுக்கூட்டம். 425க்கு 296 என்ற கணக்கில் மசோதா வென்றது. அந்த 425க்குள் திராவிட இயக்கத்தின் பெயர் தாங்கிய கழகங்களின் வாக்குகளும் இருந்தன. கூட்டணி தர்மம் என்றார்கள். தோழமைக்குச் செய்த கைம்மாறு என்றார்கள்.

பிறகு? திண்டுக்கல்லிலிருந்து மதுரை வழியே தெற்கே சென்றால் திருமங்கலம். அங்கே ஜூன் 29 அன்று ஒரு பொதுக்கூட்டம். ஈழம் பற்றிப் பேசினார் வைகோ. நாடாளுமன்றத்தில் பொடாவை ஆதரித்த கட்சியின் தலைவர் அவர். டெல்லியில் ஆண்ட கூட்டணியின் பங்காளி. ஜூலை 11 அன்று அயல்நாட்டிலிருந்து திரும்பி விமானத்தை விட்டு இறங்கியதும் கைது செய்யப்பட்டார். எந்தச் சட்டத்தின் கீழ்? அதே பொடா! வாக்கெடுப்பு நடந்து 107 நாட்கள்கூட முழுதாய்ச் செல்லவில்லை என்பேனா, அன்றுதான் 107ஆம் நாள் என்பேனா? வேலூர்ச் சிறையில் ஏறத்தாழ 19 மாதங்கள். பழ. நெடுமாறனும் அதே ஆண்டில் அதே சட்டத்தின் கீழ்ச் சிறை சென்றார். சட்டத்தைச் செய்தது டெல்லி. அதை ஏவியது சென்னைக் கோட்டை. பூட்டைத் திறக்கும் சாவியை நண்பனுக்கென்று வார்த்தனர்; அது பகைவனின் இடுப்பில் தொங்கிற்று.

சிறையிலிருந்த தலைவரின் துணிவை நான் குறைத்துச் சொல்லேன். பிணை கேட்டு ஓடாமல் நெடுநாள் உள்ளே இருந்த உறுதி போற்றத்தக்கது. அந்த வழக்கை ஒட்டி எழுந்த வாதங்களினிடையே 2003 டிசம்பரில் உச்சநீதிமன்றம், குற்ற நோக்கமின்றி வாய்ச்சொல்லால் ஆதரவு காட்டுவது பயங்கரவாதமாகாது என்று விளக்கியது. 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆனால் பாடம்? பாடம் நீக்கப்படலாகாது, தோழரே!

பாடத்தை மறந்ததற்கும் சான்று உண்டு. 2008 நவம்பரில் மும்பையில் கொடியோர் தாக்கினர், நாடு துடித்தது. அந்தத் துடிப்பு அடங்குமுன், டிசம்பர் 22 அன்று மக்களவையிலும் 23 அன்று மாநிலங்களவையிலும், கூச்சலுக்கிடையே, விவாதமே இன்றி, தகவல் தொழில்நுட்பத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அந்தத் துறையின் அமைச்சர் நம் இயக்கத்தில் வந்த ஆ. இராசா. அந்தச் சட்டத்தின் 69ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பழைய தந்திச் சட்டம்கூடப் பிறர் செய்தியை இடைமறிக்கப் "பொது நெருக்கடி" அல்லது "பொதுப் பாதுகாப்பு" என்று ஒரு வாயிற்படியை வைத்திருந்தது. 2008இன் இந்தப் பிரிவில் அந்தப் படியும் இல்லை. கணினியின் மறைகுறியை அவிழ்த்துத் தர மறுப்பவனுக்கு ஏழாண்டு வரை சிறை. பத்தாண்டு சென்றது, ஆட்சி மாறியது. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை ஓர் ஆணை பிறப்பித்தது. அதே 69ஆம் பிரிவின் கீழ் 10 அமைப்புகளுக்கு நாட்டின் கணினிகளை எட்டிப்பார்க்க உரிமம்! எதிர்க்கட்சிகள் கொதித்தன. ஆளவந்தார் கேலியாகப் பதில் தந்தனர்: இது உங்கள் சட்டம்தானே என்று. என்ன மறுமொழி சொல்வது?

நம்மவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் அச்சம் உண்மையான அச்சம். 1998இல் கோவையில் குண்டு வெடித்துச் சிதறிய உடல்களைக் கண்ட தமிழகம், கொலைகாரனின் பேச்சை ஒட்டுக்கேட்காதே என்று காவலரிடம் சொல்லுமா? சொல்லாது, நானும் சொல்லேன். ஒற்றரின்றி அரசு இல்லை. வள்ளுவர் ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் வகுத்தார், 59ஆம் அதிகாரம். ஆனால் என்ன வகுத்தார்? வேவு பார்க்கத் தக்கவரை அவர் எண்ணிச் சொல்லும்போது முதலில் நிற்பவர் அரசின் வினை செய்வோர், அடுத்து மன்னனின் சுற்றத்தார், அதன்பின் பகைவர். அந்த வரிசையில் உழவனுக்குப் பெயரில்லை, நெசவாளிக்குப் பெயரில்லை. மேலும் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சோதித்தறியச் சொன்னார். ஒற்றனையே நம்பாதே என்றார் வள்ளுவர். இன்றைய சட்டமோ ஒற்றனை மட்டுமே நம்பு என்கிறது!

எப்படி என்கிறீர்களா? தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஆணையிடுபவர் மத்தியில் உள்துறைச் செயலாளர். மாநிலத்தில் மாநில உள்துறைச் செயலாளர். ஒரு முறை இட்ட ஆணை 60 நாள் செல்லும். நீட்டினால் 180 நாள் வரை. சரியா தவறா என்று ஆராயும் குழுவிலும் உயர் அதிகாரிகளே. நீதிபதி எங்கே? இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர் எங்கே? இல்லை. பாதிக்கப்பட்டவனுக்குச் செய்தியாவது உண்டா? இல்லை, இல்லவே இல்லை! 1996 டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு வரையறை வகுத்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றனர். நீதிமன்றம் வேலி கட்டச் சொல்லிற்று. வேலியின் வாயிற்கதவை அவை அதிகாரியிடமே விட்டுவைத்தது.

நம் பொதுக்கூட்டங்களில் மேடைக்கு அருகே ஓரமாய் நின்று குறிப்பெடுக்கும் காவலரை நீங்கள் அறிவீர்கள். தொண்டை வறண்டால் அவருக்கும் சோடா கொடுத்திருக்கிறோம். பெயர் தவறாக எழுதினால் திருத்திச் சொல்லியிருக்கிறோம்! அவர் கண்ணுக்குத் தெரிகிறார். நாம் பேசியது ஊரறியப் பேசியது. இன்றைய ஒற்றன் கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விலை கேட்கும் அதே கைபேசியில் அவன் குடியிருக்கலாம். 2021 ஜூலையில் பெகாசஸ் என்ற உளவுமென்பொருள் பற்றிய செய்தி உலகை உலுக்கியது. உச்சநீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்தது. ஐந்தில் தீய மென்பொருள் இருந்தது, பெகாசஸ்தானா என்று உறுதி சொல்ல முடியவில்லை என்றது. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அக்குழு கூறியதாகத் தலைமை நீதிபதி 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்திலேயே எடுத்துரைத்தார். ஒத்துழைக்க வேண்டும் என்று கட்டளையிடும் சட்டத்தை யார் செய்திருக்க வேண்டும்? அவை! நீங்கள் அனுப்பிய அவை!

இது நமக்கு மட்டும் வந்த நோயன்று. இத்தாலியின் விடுதலை வீரன் மாஜினி இலண்டனில் தஞ்சம் புகுந்திருந்தான். தனக்கு வரும் கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன என்று ஐயுற்றான். நண்பர்களைக் கொண்டு உறைக்குள் கசகசா விதையும் மணல் துகளும் இட்டு அனுப்பச் செய்தான். கடிதம் வந்தது, விதை வரவில்லை! 1844இல் டன்கோம் என்ற உறுப்பினர் அதை அவையில் எழுப்பினார். உள்துறை அமைச்சர் கிரகாமின் ஆணைப்படியே பிரித்தனர் என்பது வெளிப்பட்டது. கார்லைல் போன்ற எழுத்தாளர் கொதித்தெழுந்தார். அஞ்சலகத்தின் இரகசியப் பிரிவு மூடப்பட்டது. ஓர் அயல்நாட்டு அகதியின் உறைக்குள் இருந்த விதைக்காக ஓர் அவை கூச்சலிட்டது, தோழரே! சொந்த நாட்டுக் குடிமகனுக்காக நம் அவை அவ்வளவேனும் குரல் எழுப்ப வேண்டாமா?

அதே இங்கிலாந்தில் 2008இல், குற்றம் சாட்டாமலே ஒருவரை 42 நாள் காவலில் வைக்கும் மசோதா மக்களவையில் 315க்கு 306 என்று வென்றது. ஆளுங்கட்சியிலிருந்தே 36 பேர் எதிர்த்து வாக்களித்தனர், பதவி பறிபோகவில்லை. எதிர்க்கட்சியின் டேவிட் டேவிஸ், இதனையும் பெருகிவரும் கண்காணிப்பையும் கண்டித்து, உறுப்பினர் பதவியையே உதறி, இடைத்தேர்தலில் நின்று மக்களிடம் தீர்ப்புக் கேட்டு வென்றார். அமெரிக்காவில் 2013 ஜூலை 24 அன்று, மக்களின் தொலைபேசிக் குறிப்புகளைத் திரட்டும் திட்டத்திற்குத் தடைபோடும் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 205க்கு 217 என்று தோற்றது. ஆனால் அந்த 205இல் குடியரசுக் கட்சியினர் 94, ஜனநாயகக் கட்சியினர் 111. கட்சி வேலியைத் தாண்டி இரு பக்கத்தாரும் கைகோத்தனர். 12 வாக்கில் தோற்றதால் என்ன? யார் எப்பக்கம் நின்றார் என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

இங்கே அது தெரிவதே இல்லை. குரல் வாக்கெடுப்பு! "ஆம்" என்ற ஓசை எழும். தலைவர் "நிறைவேறியது" என்பார். ஓசைக்குப் பெயர் உண்டா? ஊர் உண்டா? தொகுதி உண்டா?

இனி, நம் மண்ணின் வரலாற்றுக்கு வாருங்கள். 1972 அக்டோபரில் கழகத்துக்குள் எழுந்த ஒரு குரல், கணக்குக் கேட்ட குரல், வெளியே தள்ளப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்ற பழைய வழக்கை இன்று அவிழ்க்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்: அடுத்த ஆண்டு மே மாதம் இதே திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் இடைத்தேர்தல். பிறந்து எட்டு மாதமும் நிறையாத புதிய கட்சி இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவரை நிறுத்தியது, வென்றது. தமிழக அரசியலின் போக்கே இந்தச் செம்மண்ணில் திரும்பியது. அதே மாயத்தேவர் 1980இல் உதயசூரியன் சின்னத்தில் நின்று இதே தொகுதியில் மீண்டும் வென்றார். கொடி மாறியவர் கோட்டைக்குள் ஒளியவில்லை. மக்களிடம் வந்து கேட்டார், மக்கள் தந்தனர். இரண்டு செய்தி இதில் உண்டு. உள்ளே இடமில்லாத கேள்வி, வெளியே சென்று தனக்கென்று ஒரு கொடியைத் தைத்துக்கொள்ளும் என்பது ஒன்று. மனம் மாறியவன் மக்களிடம் திரும்பிச் சென்றால், திண்டுக்கல் வாக்காளன் காது கொடுப்பான் என்பது மற்றொன்று.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு மணி அடித்தபின் உறுப்பினர் தனித்தனியே வீரம் காட்டுவதால் இந்த நோய் தீராது. கொறடாவின் ஆணை பிறக்கும் இடத்திலே, கட்சிக்குள்ளே, கொள்கை பேச வேண்டும். ஆட்சி கவிழும் நிலையில், நம்பிக்கை வாக்கெடுப்பில், வரவு செலவுத் திட்டத்தில், எல்லோரும் ஒரே அணி. அங்கே மீறுபவனுக்கு என் பேனா இரங்காது. ஆனால் குடிமகனின் கடிதத்தைப் பிரிக்கும் மசோதாவுக்குக் கொறடா ஆணை எதற்கு?

இது என் கற்பனையன்று. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு, நம்பிக்கை வாக்கு, நிதி மசோதா போன்ற சிலவற்றில் மீறினால் மட்டுமே பதவி பறிப்பு என்று பரிந்துரைத்தது. 1999இல் சட்ட ஆணையத்தின் 170ஆவது அறிக்கை, ஆட்சிக்கு ஆபத்து வரும்போது மட்டும் கொறடா ஆணை பிறப்பியுங்கள் என்று கட்சிகளைக் கேட்டது. 1992இல் உச்சநீதிமன்றமே, கட்சித் தாவல் தடையை நிலைநிறுத்திய அதே தீர்ப்பில், நம்பிக்கை வாக்குக்கும், கட்சி மக்கள்முன் வைத்த முதன்மைக் கொள்கைக்கும் மட்டுமே அந்த ஆணை உரியது என்ற கருத்தைச் சொன்னது. கழகத்தின் எந்தத் தேர்தல் அறிக்கையில், "உங்கள் கைபேசியை ஒட்டுக்கேட்போம், வாக்களியுங்கள்" என்று எழுதினோம்? எழுதாததற்கு ஆணை எங்கிருந்து வரும்?

இன்னும் ஒன்று. பத்தாவது அட்டவணையிலேயே ஒரு சாளரம் உண்டு. முன் அனுமதி பெற்று மாறி வாக்களிப்பவர் பதவி இழக்கமாட்டார். அனுமதியின்றி மாறி வாக்களித்தாலும் 15 நாளுக்குள் கட்சி பொறுத்துக்கொண்டால் பதவி நிலைக்கும். சட்டம் கட்சியின் கையில் மன்னிக்கும் உரிமையை வைத்திருக்கிறது. அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். இந்தச் சாளரத்தைத் திறக்கத் தலைமையின் ஒரு கையெழுத்துப் போதும்.

"அப்படியானால் கொள்கை என்ற பெயரில் துரோகி நுழைவானே?" நுழைவான். அவனை அறிய ஒரே உரைகல் உண்டு: மாறி வாக்களித்ததால் அவனுக்குக் கிடைத்தது என்ன? மறுநாள் அமைச்சர் பதவியா, வாரியத் தலைமையா? துரோகி. இருந்ததையும் இழக்கத் துணிந்தானா? தோழன். மசோதாவை அறியவும் ஒரே உரைகல் போதும்: நம் பகைவன் கையில் இதைக் கொடுத்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்க முடியுமா? முடியாதென்றால், நம் நண்பன் கையிலும் அது இருக்கலாகாது. ஏனெனில் நாற்காலி நிலையாது, சட்டம் நிலைக்கும். பொடாவை ஆதரித்தவருக்கு 107 நாளில் தெரிந்தது. 69ஆம் பிரிவைச் செய்தவருக்குப் பத்தாண்டில் தெரிந்தது. கோட்டையில் நம்மவர் அமரும்போதும் இதே விதிதான். மாநில உள்துறைச் செயலாளரின் கையெழுத்துக்கும் இதே வேலிதான். எதிர்க்கட்சியாக இருக்கையில் உரிமை, ஆளுங்கட்சியானதும் உளவு என்றால், நம் கொடியின் வண்ணத்துக்குப் பொருள் ஏது?

தோழரே! நாளை உங்கள் ஊருக்கு உங்கள் உறுப்பினர் வருவார். மாலை போடுங்கள், மரியாதை செய்யுங்கள், அவர் நம்மவர். போட்டபின் கேளுங்கள்: ஐயா, வேவு பார்க்கும் மசோதா அடுத்த முறை வரும்போது, கட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசுவீர்களா? நீதிபதியின் ஒப்புதலின்றி எவர் பேச்சையும் கேட்கலாகாது என்று திருத்தம் கொடுப்பீர்களா? பெயர் பதிவாகும் பிரிவு வாக்கெடுப்பைக் கோருவீர்களா? கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதுங்கள், ஒன்றியத்துக்கு அனுப்புங்கள், மாவட்டத்துக்குப் போகட்டும், தலைமைக்கு எட்டட்டும். இதைக் கலகம் என்று எவரேனும் சொன்னால், கழகம் எதற்குப் பிறந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

கட்சிப்பற்று என்பது கேள்வி கேளாத வாய் அன்று. கட்சி தவறான வாக்கைப் போடுமுன்பே, உரிய இடத்தில், உரத்த குரலில், உரிமையோடு கேட்பது. கேட்டுவிட்டு அதே கொடியை மீண்டும் தோளில் தூக்குவது. அந்தப் பற்று உடையவரைத் தலைமை இழக்கலாகாது. அந்தக் கேள்வியை நீங்கள் கைவிடலாகாது.